உதவி மன்றம் பயனர் கண்ணில் பட எந்த வழி நல்லது?

ஒரு மென்பொருளுக்கோ இணையச் சேவைக்கோ உதவி மன்றம் தொடங்குவது இன்று பெரிய வேலையே இல்லை. மன்றம் நடத்துவதற்கான டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவலாம். திட்டத்தின் நிரல் கிட்ஹப் தளத்தில் இருந்தால் அங்குள்ள டிஸ்கஷன்ஸ் பகுதியை அமைப்புகளில் ஒரு டிக் போட்டுத் திறந்துவிடலாம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மன்றத்தில் விலாவாரியாகப் பதில் சொல்லி முடித்த கேள்வியே மின்னஞ்சலில் மறுபடி மறுபடி வரும். வருடக்கணக்காகச் செயலியைப் பயன்படுத்துபவரே "இப்படி ஒரு மன்றம் இருக்கிறதா?" என்று கேட்பார். உடனே குழுவுக்குள் யோசனைகள் குவியும். மெனுவில் இணைப்பு வைக்கலாம் என்பார் ஒருவர், தேடுபொறிக்கு ஏற்ப மாற்றலாம் என்பார் இன்னொருவர், பேசாமல் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிக்கே போய்விடலாம் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றையும் செய்ய ஆள் இருக்காது. எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்க உதவும்படி இந்த வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மன்றத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முகப்புப் பக்கத்துக்கு நேராக வருபவர்களில் பெரும்பாலோர் பழைய உறுப்பினர்கள். அவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். நாம் கவலைப்பட வேண்டியது மன்றத்தின் பெயரே தெரியாத ஒருவரைப் பற்றி. அவர் மன்றத்தைத் தேடவில்லை. "கோப்பு திறக்கவில்லை", "பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு உள்ளே போக முடியவில்லை" என்று தன் தொல்லையைத்தான் தேடுகிறார். அந்த ஆள் தன் கேள்விக்கான பதில் இருக்கும் பக்கத்துக்கு எத்தனை படி ஏறி வருகிறார், வழியில் எங்கே கைவிடுகிறார் என்பதுதான் இங்கே அளவுகோல்.

செயலிக்குள்ளேயே இணைப்பு

செலவு குறைவு, பலன் அதிகம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். இருந்தும் பல குழுக்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கின்றன. பயனர் ஏற்கெனவே உங்கள் செயலிக்குள் இருக்கிறார், சிக்கலும் அங்கேதான் வந்திருக்கிறது. அவரை வெளியே அனுப்பித் தேடவைப்பானேன்?

ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்தின் அடியில், தனியுரிமைக் கொள்கைக்கும் வேலைவாய்ப்புக்கும் நடுவே 'சமூகம்' என்று சாம்பல் நிறத்தில் ஓர் இணைப்பு இருந்தால், மாட்டிக்கொண்டவர் கண்ணில் அது படாது. பட்டாலும், அங்கே போனால் உதவி கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றாது. மூன்று கோட்டு மெனுவுக்குள் இன்னொரு மெனுவில் ஒளித்து வைத்தாலும் அதே கதைதான். இதைவிட நல்லது, 'உதவி' என்ற பெயரோடு எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் நிற்கும் இணைப்பு. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானபோது இதைப் பற்றி ஒரு விதியையே சேர்த்தார்கள். உதவி பெறும் வழி பல பக்கங்களில் இருந்தால், அது எல்லாப் பக்கத்திலும் அதே வரிசையில் வர வேண்டும் என்கிறது அந்த விதி. நெறிமுறையின் அடிப்படை மட்டமான 'ஏ'-யிலேயே அது இருக்கிறது. மறதி உள்ளவர்களையும் கவனம் சிதறுபவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விதி என்றாலும், எரிச்சலில் இருக்கும் எந்தப் பயனரின் நிலையும் கிட்டத்தட்ட அதேதான்.

இதிலும் சிறந்த இடம் ஒன்று உண்டு: பிழைச்செய்தி. சிக்கல் வந்த அந்த நொடியில் பயனர் படிக்கிற ஒரே வாக்கியம் அதுதான். விண்டோஸ் 10-இன் நீலத்திரையில் 2016-இல் ஒரு க்யூ.ஆர். குறியீட்டைச் சேர்த்தார்கள். கணினி உறைந்து கிடக்கும்போதும் கைபேசியால் அதைப் படம் பிடித்து உதவிப் பக்கத்துக்குப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் இதைப் பின்பற்றும்போது, எந்தப் பிழை வந்தாலும் ஒரே பொதுப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒவ்வொரு வகைப் பிழைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணுக்கான இழைக்கே, அதாவது மன்றத்தில் அந்தக் கேள்வியும் பதில்களும் இருக்கும் பக்கத்துக்கே, இணைப்பு போக வேண்டும். ரஸ்ட் நிரல்மொழியில், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் காட்டும் பிழைகளில் பலவற்றுக்கு ஈ0308 என்பது போன்ற ஓர் எண் உண்டு. அதைத் தேடலில் ஒட்டினால் அதே சிக்கலில் மாட்டியவர்கள் எழுதிய எல்லாமே வந்து விழுகிறது. "ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்" என்ற செய்தியை வைத்துக்கொண்டு யாரால் எதைத் தேட முடியும்?

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. செயலிக்குள் மன்றத்தின் முகவரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு சிறிய முகவரியை வைத்து, அங்கிருந்து திருப்பிவிடுங்கள். நாளைக்கு மன்ற மென்பொருளை மாற்றினாலும், பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவரின் இணைப்பு செத்துப்போகாது.

இன்னொன்று, லாகின். இணைப்பை அழுத்தியதும் "கணக்கு தொடங்குங்கள்" என்று ஒரு படிவம் வந்தால் பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். படிப்பதற்கு லாகின் கேட்கவே கூடாது. கேள்வி எழுப்புவதற்குக் கேட்டாலும், செயலியில் ஏற்கெனவே உள்ள கணக்கே மன்றத்திலும் செல்லும்படி செய்வது நல்லது. டிஸ்கோர்ஸில் இதற்கு வசதி இருக்கிறது.

இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. செயலியை நிறுவவே முடியாதவர், உள்ளே நுழையவே முடியாதவர், வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிப்பவர் ஆகியோர் கண்ணில் இந்த இணைப்பு படவே படாது. அவர்களுக்குத் தேடுபொறிதான் கதி.

தேடுபொறி வழி

இதில் பலன் மெதுவாக வரும். வந்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஒரே ஒரு முறை நன்றாக எழுதிய பதில், எழுதியவர் மறந்த பிறகும் யாருக்காவது உதவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நீண்டகால நோக்கில் மற்ற எல்லா வழிகளையும்விட இதை நான் மேலே வைக்கிறேன்.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்ல மன்ற மென்பொருள்கள் இதில் பெரும்பகுதியைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. லாகின் இல்லாமல் பக்கம் திறக்க வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் மாறாத ஒரு முகவரி வேண்டும். ஒரே இழை பல முகவரிகளில் திறந்தால், மூல முகவரி எது என்று கெனானிகல் குறிப்பு சொல்ல வேண்டும். 2009-இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட முறை அது. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப் கோப்பு ஒன்றில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். பெரும்பாலான மன்றங்களுக்கு ஒரே கோப்பு போதும். கேள்வி-பதில் பக்கங்களுக்கும் கலந்துரையாடல் பக்கங்களுக்கும் பக்கம் எந்த வகை என்று தேடுபொறிக்குச் சொல்லும் தனித்தனிக் கட்டமைப்புக் குறிகளைக் கூகுள் ஏற்கிறது. இரண்டாவது வகை 2023 நவம்பரில் வந்தது. ஒருவர் கேட்டு ஒரு சரியான பதில் கிடைக்கிற உதவி இழைக்கு முதலாவதுதான் பொருந்தும்.

அடிக்கடி குழம்புகிற இடம் ஒன்று. உறுப்பினர் பக்கங்கள், காலியான குறிச்சொல் பக்கங்கள் போன்றவை தேடலில் வரக் கூடாது என்று தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை போடுகிறார்கள். அந்தத் தடை, பக்கத்தைப் படிக்காதே என்று மட்டும்தான் சொல்கிறது. வேறெங்காவது அந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், உள்ளடக்கம் இல்லாமல் வெறும் முகவரியாக அது தேடலில் வரலாம். வரவே கூடாது என்றால் பக்கத்திலேயே 'தேடலில் காட்டாதே' என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி வைத்து, அதைப் படிக்க அனுமதிக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், தேடுபொறி உள்ளே வந்து அந்தக் குறியைப் பார்க்கவே வழியில்லை.

அப்புறம் அந்த முடிவில்லாத விவாதம்: மன்றத்தைச் சப்டொமைனில் (முதன்மை முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த தனி முகவரியில்) வைப்பதா, முதன்மைத் தளத்துக்குள் ஒரு கோப்புறையாக வைப்பதா? இரண்டும் தங்களுக்கு ஒன்றுதான் என்று கூகுள் பலமுறை சொல்லிவிட்டது. நம்பாதவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் சர்வரில் எது சுலபமோ அதைச் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். முற்றிலும் வேறு பெயரில் புது டொமைன் வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தேடல் முடிவில் அந்தப் பெயரைப் பார்ப்பவருக்கு அது உங்களுடையது என்று தெரியாது. ஏதோ போலித் தளம் என்றுகூட நினைப்பார்.

இவ்வளவையும்விடப் பலன் தருவது, யாரும் செய்ய விரும்பாத ஒரு வேலை: தலைப்புகளைத் திருத்துவது. "உதவி தேவை!!!", "வேலை செய்யவில்லை", "அவசரம்" என்று தலைப்பிட்ட இழைகளுக்குள் அருமையான தீர்வுகள் புதைந்து கிடக்கும். தேடுபவருக்கு அவை இல்லாததற்குச் சமம். மன்றத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் ஒருவர் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கி, "2.4-க்கு மேம்படுத்திய பிறகு பிடிஎஃப் ஏற்றுமதி பாதியில் நிற்கிறது" என்ற மாதிரி மாற்றிக்கொண்டே வந்தால் போதும். மாற்றும்போது பயனரின் சொல்லை விட்டுவிடக் கூடாது. நாம் 'ஒத்திசைவு' என்று ஆவணத்தில் எழுதியிருப்போம். பயனர் "போனில் சேர்த்தது கம்ப்யூட்டரில் வரவில்லை" என்றுதான் தேடுவார். தாய்மொழியையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் உண்டு. அதனால் கேட்டவர் எழுதிய வாக்கியத்தை உள்ளே அப்படியே விட்டுவிட்டு, தலைப்பை மட்டும் தெளிவாக்குவது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டும் இதே தொல்லைதான். பிழைச்செய்தியைப் படமாக ஒட்டிவிட்டுப் போவார்கள். அதே செய்தியைத் தேடலில் தட்டும் அடுத்த ஆளுக்கு அந்த இழை பெரும்பாலும் சிக்காது. பதில் சொல்பவர் முதல் வரியிலேயே பிழைச்செய்தியை எழுத்தாகத் தட்டிவிட்டு, பிறகு தீர்வுக்குப் போவது ஒரு நல்ல பழக்கம். எந்தப் பதில் சரியானது என்று குறித்து வைப்பதும், எந்தப் பதிப்புக்கு அது பொருந்தும் என்று எழுதுவதும் அடுத்தபடி. காலாவதியான பதில் தேடலில் முதலில் வருவது, எதுவுமே வராததைவிட மோசம்.

சரி, இப்போது பலர் தேடுபொறிக்கே போகாமல் ஏஐ உரையாடிகளிடம் கேட்கிறார்களே, அப்படியானால் இந்த உழைப்பு வீண்தானே? அப்படி நான் நினைக்கவில்லை. இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் உரையாடிகளும் பொதுவெளியில் திறந்திருக்கும் பக்கங்களைத்தான் படிக்கின்றன. தெளிவான தலைப்பும் குறிக்கப்பட்ட தீர்வும் அங்கேயும் உதவும். இழப்பு வேறு பக்கத்தில் இருக்கிறது. பதில் எழுதியவருக்குக் கிடைக்க வேண்டிய நன்றியும், "இது இப்போது வேலை செய்யவில்லை" என்ற திருத்தமும் மன்றத்துக்குத் திரும்பி வருவதில்லை. சிக்கல் தீர்ந்தால் போதும் என்று நினைக்கும் நிறுவனத்துக்கு இது பரவாயில்லை. தன்னார்வலர்களின் உற்சாகத்தை நம்பி நடக்கும் திட்டத்துக்கு இது மெதுவாகக் கொல்லும் நோய். அப்படிப்பட்ட திட்டத்தினர், பக்கங்களைப் படிக்க ஏஐ நிறுவனங்கள் அனுப்பும் நிரல்களை ரோபாட்ஸ் கோப்பில் தடுப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடம்

கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு குறிச்சொல், விவாதத் தளமான ரெடிட்டில் ஒரு பகுதி என்று ஆரம்பித்தால் முதல் நாளிலிருந்தே ஆள் இருக்கும், தேடலிலும் முன்னால் வரும். 2022-இல் கூகுள் தன் தேடல் முடிவுகளில் கலந்துரையாடல்களுக்கென்று தனிப் பகுதியைக் கொண்டுவந்தது. ரெடிட் மாதிரித் தளங்கள் அதில் நிறையவே வருகின்றன. புதிதாகத் தொடங்கும் உங்கள் மன்றம் அந்த உயரத்துக்கு வரச் சில வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம்.

விலை என்ன? வீடு அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிரலாக்கக் கேள்விகளுக்கான இடம். "பில் எங்கே பார்ப்பது?" என்று கேட்டால் மூடிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. நிரலர்களுக்கான நூலகமோ கருவியோ என்றால் அது அருமையான இடம், சாதாரணப் பயனர்களுக்கான செயலி என்றால் பொருந்தவே பொருந்தாது. ரெடிட்டில் அந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. வெளிச் செயலிகள் ரெடிட்டின் பதிவுகளை எடுக்க உதவும் ஏபிஐ-க்குப் புதிதாகக் கட்டணம் விதித்ததை எதிர்த்து 2023 ஜூனில் ஆயிரக்கணக்கான பகுதிகளை அவற்றின் மட்டுறுத்துநர்கள் மூடிவைத்தார்கள். தேடலில் வந்த இணைப்பை அழுத்தியவர்களுக்கு "இது தனிப்பட்ட பகுதி" என்ற பலகைதான் தெரிந்தது. போராட்டத்தின் நியாயம் இருக்கட்டும். உங்கள் பயனருக்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை. 2024-இல் ரெடிட் தன் ரோபாட்ஸ் கோப்பை இறுக்கியபோது கூகுள் தவிர்த்த பல தேடுபொறிகளில் அதன் புதிய பதிவுகள் வராமல் போயின. யாகூ ஆன்சர்ஸ் 2021 மே மாதம் மூடப்பட்டபோதும், அதற்கு முந்தைய டிசம்பரில் யாகூ குரூப்ஸ் மூடப்பட்டபோதும் பல வருடப் பதில்கள் மொத்தமாகக் காணாமல் போயின.

அதற்காக அங்கே போகவே கூடாது என்று சொல்லவில்லை. மக்கள் ஏற்கெனவே உங்கள் பொருளைப் பற்றி அங்கே கேட்டுக்கொண்டிருந்தால், போய்ப் பதில் சொல்லுங்கள். முழு விளக்கத்தை உங்கள் மன்றத்தில் எழுதிவிட்டு, சாரத்தை அங்கே சொல்லி இணைப்பைக் கொடுங்கள். சாரமே இல்லாமல் வெறும் இணைப்பை வீசினால் விளம்பரம் என்று நீக்கிவிடுவார்கள்.

அரட்டைக் குழு

இன்றைக்கு அதிகம் பேர் சாய்வது இந்தப் பக்கம்தான். கண்டடைய உதவும் வழி என்ற அளவில் எனக்கு இதுதான் கடைசி. டிஸ்கார்ட், ஸ்லாக், டெலிகிராம் குழுக்களில் கேள்வி கேட்டால் சில நிமிடங்களில் பதில் கிடைக்கலாம்; கேட்டவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அது சந்தைக் கூட்டத்தில் காதோடு சொன்ன பதில். டிஸ்கார்ட் குழுவுக்குள் நடக்கும் உரையாடல் தேடுபொறியில் வராது. 2022-இல் அவர்கள் மன்ற வடிவச் சேனல்களைக் கொண்டுவந்தது உள்ளே இருப்பவர்களுக்கு வசதிதான், வெளியே இருப்பவருக்கு எதுவும் மாறவில்லை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் உரையாடல்தான் தெரியும். ஆக, உறுப்பினரே போன வருடம் வாங்கிய பதிலைத் திரும்பப் பார்க்க முடியாது.

விளைவு, ஒரே கேள்விக்கு அதே நான்கு பேர் திரும்பத் திரும்பப் பதில் சொல்வார்கள். குழு சுறுசுறுப்பாகத் தெரியும், அந்தச் சுறுசுறுப்பையே வளர்ச்சி என்று அறிக்கையிலும் காட்டுவார்கள். கொஞ்ச நாளில் அந்த நான்கு பேரும் களைத்துப்போவார்கள்.

டிஸ்கார்ட் இழைகளைப் பொது இணையப் பக்கங்களாக வெளியிடும் கருவிகள் இருக்கின்றன. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லாத ஏற்பாடு. ஆனால் மூடிய அறை என்று நினைத்துப் பேசியவர்களின் பேச்சை வெளியே போடுகிறோம். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அரட்டைக் குழு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடவும் வேண்டியதில்லை. நல்ல பதில் ஒன்று வந்ததும் யாராவது ஒருவர் அதை மன்றத்தில் கேள்வி-பதிலாக எழுதிவிட்டு, அந்த இணைப்பைக் குழுவில் போடுவது என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கினால் போதும்.

எந்த நிலைமைக்கு எது

லாகின் செய்து பயன்படுத்தும் சேவை, பெரும்பாலும் சாதாரண மக்கள், இரண்டு மூன்று பேர் கொண்ட குழு என்றால்: பிழைச்செய்தியிலும் 'உதவி' பட்டனிலும் இணைப்பு வையுங்கள், அடிக்கடி வரும் சிக்கல்களின் இழைத் தலைப்புகளைத் திருத்துங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். நிரலர்களுக்கான கருவி என்றால் தேடுபொறி வழியே முதலில் வர வேண்டும். அவர்கள் பிழைச்செய்தியை நகலெடுத்துத் தேடலில் ஒட்டும் பழக்கம் உள்ளவர்கள். அங்கே பிழை எண்கள், திறந்த மன்றம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மீது ஒரு கண், இந்த மூன்றும் சேர்ந்தால் நன்றாக ஓடும். இன்னும் யாருக்கும் தெரியாத புதுப் பொருள் என்றால் கொஞ்ச காலம் ரெடிட்டிலோ அரட்டைக் குழுவிலோ பேசலாம். கேள்விகள் திரும்ப வர ஆரம்பித்ததும் சொந்த இடத்துக்கு மாறிவிட வேண்டும்.

ஏற்கெனவே ஒரு மன்றம் வைத்துக்கொண்டு, கண்ணில் படவில்லை என்பதற்காகப் புது மென்பொருளுக்கு மாறப் போகிறவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடவில்லை என்றால், இத்தனை வருடம் சேர்ந்த தேடல் வரவு ஒரே நாளில் போய்விடும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது திருப்பாததற்குச் சமம். இந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பலனைப் பார்க்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று, தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் எந்தச் சொற்களுக்கு உங்கள் இழைகள் காட்டப்படுகின்றன என்ற பட்டியல். இரண்டாவது, மன்றத்தின் சொந்தத் தேடலில் தட்டியும் எதுவும் கிடைக்காமல் போன சொற்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. எந்தத் தலைப்பை எப்படி மாற்ற வேண்டும், எந்த இழையைப் புதிதாக எழுத வேண்டும் என்று பயனரே அதில் எழுதி வைத்திருக்கிறார்.

பதில் சொல்லவே ஆள் இல்லாத மன்றத்துக்கு மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். பிழைச்செய்தியிலிருந்து ஒரே படியில் வந்த ஒருவர், தன் கேள்வியையே வேறொருவர் கேட்டு மூன்று மாதமாகப் பதில் இல்லாமல் கிடப்பதை அங்கே பார்த்தால், அதன்பிறகு எந்த உதவி இணைப்பையும் நம்பமாட்டார். அந்த நிலையில் பழைய இழைகளைப் படிப்பதற்கு மட்டும் திறந்து வைத்து, புதிய கேள்விகளை மின்னஞ்சலுக்குத் திருப்பி, எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.